பிக்கப் வாங்க முதல் லைசென்ஸை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ

தமிழ் வகுப்பு, அம்மாவின் பென்ஷன், பிள்ளையின் கிம்னாசியம் என்று இந்தப் பத்தியில் எத்தனையோ கதைத்தாச்சு. இந்த மாதம் வண்டிக் கதை. காரணம் நீங்கள்தான். “வோன்வாகன் ஒன்று இழுக்கிற யோசனை இருக்கு, எந்த பிக்கப் நல்லம், எந்த எஞ்சின் எடுக்கிறது, டோயிங் பாக்கேஜ் கட்டாயமோ?” என்ற கேள்வி ஆஹென் ஆட்களிடமிருந்து மட்டுமில்லை, வேற ஊர்களில் இருந்தும் வருகிறது.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கும். எங்கட அப்பா அம்மா காலத்தில் லீவு என்றால் இரண்டுதான்: பாரிஸில் சித்தி வீடு, இல்லாட்டி ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் காம்பிங் போன கதை சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டு இருந்தோம். இப்ப எங்கட பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆஹெனில் இருந்து நெதர்லாந்தின் சேலண்ட் கடற்கரை சுமார் 250 கி.மீ. அம்மம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு ஓகஸ்டில் ஹோட்டல் எடுத்துப் பாருங்கோ, விலை தெரியும். வோன்வாகன் என்றால் எங்கட அடுப்பு, எங்கட சோறு, எங்கட கட்டில்.

ரொறன்ரோவில் இருக்கிற என் சித்தப்பாவின் மகனிடம் கேட்டேன். “மச்சான், யோசிக்காத, பெரிய எஞ்சின் எடு, டோ பாக்கேஜைப் போடு, அவ்வளவுதான்” என்றான். அவன் ஓடுவது ஃபோர்ட் எஃப்-150. அவன் இருக்கிற இடத்துக்கு அவன் சொன்னது சரி. ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசென்ஸோடேயே 4,600 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். லண்டன் ஆட்களுக்கும் 2021 டிசம்பர் 16 முதல், கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரை இழுக்க வழி திறந்துவிட்டது. ஆகவே அவர்களுக்கு எஞ்சின்தான் முதல் கேள்வி. ஜேர்மனியில் அது கடைசிக் கேள்வி.

இங்கே எங்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது பி லைசென்ஸ். அதன் கணக்கு இது: ட்ரெய்லர் 750 கிலோவுக்கு மேல் என்றால், காரின் அனுமதிக்கப்பட்ட மொத்தப் பாரமும் ட்ரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்தப் பாரமும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. பி96 என்ற கூடுதல் எண் இருந்தால் 4,250 கிலோ வரை போகலாம். அதற்குக் குறைந்தது 7 மணித்தியாலப் பயிற்சி, பரீட்சை கிடையாது. அதற்கும் மேல் என்றால் பிஇ லைசென்ஸ் வேணும். அதில் எழுத்துப் பரீட்சை இல்லை, ஆனால் ஓட்டப் பரீட்சை உண்டு.

ஒன்றைக் கவனியுங்கோ. இது பத்திரத்தில் எழுதியிருக்கிற பாரம், தராசில் நிற்கிற பாரம் இல்லை. வோன்வாகன் வெறுமனே இருந்தாலும் கணக்கு மாறாது.

இப்ப கூட்டிப் பார்ப்போம். ஒரு ஸ்டேஷன் வாகன் காரின் மொத்தப் பாரம் 2,200 கிலோ என்று வையுங்கோ. 1,300 கிலோ வோன்வாகன் என்றால் 3,500, பி போதும். 1,500 கிலோ வோன்வாகன் என்றால் 3,700, பி96 போதும். அதே 1,500 கிலோவை பிக்கப்பின் பின்னால் கொளுவுங்கோ. பிக்கப்பின் மொத்தப் பாரம் சும்மாவே 3,200 கிலோ அளவில் வரும். கூட்டினால் 4,700. பி96ம் தாண்டியாச்சு, பிஇ எடுக்க வேணும். 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிற வண்டியை வாங்கிவிட்டு, பி லைசென்ஸோடு 750 கிலோ ட்ரெய்லர் மட்டும் இழுக்கிற நிலைமை வரும். வண்டி பெரிதாகப் பெரிதாக, எங்கட லைசென்ஸ் சின்னதாகிறது.

ஆனால் வீட்டிலேயே ஒரு ஆளிடம் அந்தப் பெரிய லைசென்ஸ் இருக்கக்கூடும். என் அப்பா 1988இல் இங்கே எடுத்தது பழைய கிளாஸ் 3, அந்த ரோசா நிறக் கடதாசி. 1999க்கு முதல் எடுத்த கிளாஸ் 3இல் பிஇயும் அடக்கம். 1953 முதல் 1958 வரை பிறந்தவர்கள் கடதாசியைக் கார்ட்டாக மாற்ற 2022 ஜூலை 19 வரை தவணை இருந்தது, அப்பாவும் மாற்றினார். “என்ட கார்ட்டில உங்கட கார்ட்டை விட எழுத்துக் கூட” என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்கட அப்பா அம்மாவும் மாற்றியிருந்தால், பிஇ வரியில் திகதி விழுந்திருக்கா என்று பின்பக்கத்தைப் பாருங்கோ.

“அப்ப அப்பா ஓடட்டும், பிக்கப்பை வாங்கு” என்று வீட்டில் ஒரு கதை வந்தது. நான் வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு 71 வயது. ஒரு குடும்பம் முழுக்க ஒரே ஒரு ஆளின் கையில் தங்கி வீடு திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கட வீடுகளில் பொதுவாக நெடுந்தூரம் என்றால் அப்பாதான், பிறகு புருஷன்தான் ஓடுவது. மனைவி நல்லாய் ஓடுவார், ஆனால் வோன்வாகன் என்றதும் பக்கத்துச் சீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சனிக்கிழமையில் பி96 செய்தோம். ரிவேர்ஸ் எடுப்பதில் அவ என்னை விடக் கெட்டி.

போன ஓகஸ்டில் டொம்புர்க்கில், திரும்புகிற நாள் எனக்கு 39 பாகை காய்ச்சல். அவதான் அன்ட்வேர்ப்பைச் சுற்றி ஆஹென் வரை வோன்வாகனோடு ஓடி வந்தா. பின்சீட்டில் அம்மம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நித்திரை. அவவிடம் அந்தப் பி96 இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட்டிருப்போம்? அதனால் என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: அம்மாவும் அப்பாவும் இரண்டு பேருமே சட்டப்படி ஓடக்கூடிய சோடியைத் தேர்ந்தெடுங்கோ. எஞ்சினைப் பிறகு பார்ப்போம்.

சரி, எஞ்சின். ஜேர்மனியில் ட்ரெய்லரோடு வேகம் 80, அனுமதி ஸ்டிக்கர் இருந்தால் அவுட்டோபானில் 100. நெதர்லாந்தில் 90. ஆகவே 240 பிஎஸ் எல்லாம் கடற்கரைக்குப் போகத் தேவையில்லை. தேவைப்படுவது குறைந்த சுற்றில் வருகிற முறுக்கு விசை. 2 லீற்றர், 150 பிஎஸ் டீசல் ஒன்று 360 நியூட்டன் மீட்டர் தரும். 1.5 லீற்றர், அதே 150 பிஎஸ் பெற்றோல் 250 நியூட்டன் மீட்டர்தான். வித்தியாசம் தெரிய வேணுமென்றால் ரோட்கனில் இருந்து கொன்சன் பக்கம் ஏறுகிற பி258இல், இங்கே ஹிமல்ஸ்லைட்டர் என்று சொல்கிற அந்த நேர் ஏற்றத்தில், பாரத்தோடு ஓடிப் பாருங்கோ. ஆல்ப்ஸ் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கோ: உயரம் கூடக் காற்று மெலியும், எஞ்சினின் சக்தி குறையும். 1,000 மீட்டருக்கு இழுவையில் 10 சதவீதம் கழிக்கச் சொல்லி பல கார்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

அடுத்தது பாக்கேஜ். நான் காசு கொடுக்கச் சொல்வது இவற்றுக்கு: கார் கட்டும்போதே பூட்டி வருகிற கொளுக்கி, அதோடு 13 முனை பிளக், ட்ரெய்லர் ஆடினால் தானே பிரேக் பிடிக்கிற ஸ்திர அமைப்பு, பின் கமரா. பிறகு பூட்டலாம்தான், ஆனால் வயரிங், கன்ட்ரோல் யூனிட் என்று வேலை நீளும், சில கார்களில் குளிரூட்டும் விசிறியும் வேறாக இருக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சில்லு, ஏழு சீட்டு எல்லாம் விருப்பம். ஆனால் அவை ஒவ்வொன்றும் பாரம், அந்தப் பாரம் உங்கட பிள்ளைகளுக்கும் பெட்டிகளுக்கும் விட்ட இடத்தில் இருந்துதான் கழியும்.

அந்தக் கழித்தலை வீட்டில் செய்து பார்க்கலாம். கார்ப் பத்திரத்தில் எஃப்.2 மொத்தப் பாரம், ஜி காரின் சொந்தப் பாரம், அதில் ஓடுகிறவருக்கு 75 கிலோ ஏற்கெனவே சேர்த்திருக்கும். எஃப்.2 2,200, ஜி 1,650 என்றால் மிச்சம் 550. மனைவி, அம்மம்மா, இரண்டு பிள்ளைகள், சீட்டுகள் சேர்த்து 220. அரிசி, தண்ணீர், உடுப்பு, சைக்கிள் என்று 130. இதோடு பலர் மறப்பது ஷ்டுட்ஸ்லாஸ்ட், அதாவது கொளுக்கியின் மேல் அழுத்துகிற பாரம். அது 75 அல்லது 80 கிலோ இருக்கலாம், அதையும் காரின் பாரமாகத்தான் எண்ண வேணும். அதன் எல்லை 13ஆம் கட்டத்தில் இருக்கும். ஓ.1 கட்டம் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான இழுவை எல்லை, ஓ.2 பிரேக் இல்லாததற்கு. கனடா ஆட்கள் இதே கணக்கை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்டிக்கரில் பார்க்கலாம். எஃப்-150 என்றாலும் ஆட்களும் கொளுக்கிப் பாரமும் அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேணும்.

100 ஓட ஆசையென்றால் இன்னொரு கணக்கு. அதிர்ச்சித் தாங்கி உள்ள வோன்வாகன் காரின் வெறும் பாரத்தில் 0.8 பங்கு வரை இருக்கலாம். ஆடாமல் பிடிக்கிற கொளுவியும் இருந்தால் 1 பங்கு வரை. ரயர் 6 வயதுக்குக் குறைவாக இருக்க வேணும். 1,600 கிலோ காருக்கு 1,500 கிலோ வோன்வாகன் என்றால் 0.8 பங்குக் கணக்கில் 100 கிடைக்காது. இது வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது பின்சீட்டில் இருப்பது எங்கட பிள்ளைகள். ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து உறுதியாக பிரேக் அடியுங்கோ. எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம், வேகம் கூட்டவும் வேண்டாம்.

அப்ப பிக்கப் யாருக்கு? சீஎச்ஐஓ குதிரைப் போட்டி நேரம் ஆஹென் சோர்ஸ் பக்கம் போனால் விளங்கும். இரண்டு குதிரை, ஒரு வள்ளம், தொழிலுக்கு 2,500 கிலோ ட்ரெய்லர் என்றால் பிக்கப்தான் சரி, பிஇயும் எடுத்துவிடுங்கோ. அப்ப எஞ்சினும் முக்கியம். ஃபோல்க்ஸ்வாகன் அமரோக்கில் 170 பிஎஸ் எஞ்சின் 405 நியூட்டன் மீட்டர், 205 பிஎஸ் 500, மூன்று லீற்றர் வி6 600. அந்தப் பாரத்துக்கு நான் வி6ஐத்தான் எடுப்பேன். ஆனால் நீளம் 5.35 மீட்டர், உங்கட தெருவில் எங்க விடுவீர்கள் என்பதையும் முதலில் பாருங்கோ. மின்சாரக் கார் என்றால் டெஸ்லா மொடல் வை 1,600 கிலோ இழுக்கும், ஆனால் ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம் பாதியாகலாம்.

கடைக்குப் போக முதல் மேசையில் மூன்றை வையுங்கோ: உங்கட லைசென்ஸ், துணையின் லைசென்ஸ், கார்ப் பத்திரம். இரண்டு லைசென்ஸுக்கும் பொருந்துகிற எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கோ. விற்கிறவர் எஞ்சினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் அந்த எண்ணைக் காட்டுங்கோ.

அடுத்த மாதம்: வோன்வாகனுக்குள் அரிசி மூட்டையை எங்கே வைப்பது, ஏன் பின்பக்கம் வைக்கவே கூடாது.