நிற்கிற வானுக்குத்தான் செலவு அதிகம்

யாழ்ப்பாணத்தில் குடும்பத் தேவைக்கென்று வான் எடுப்பவர்களில் பலர் ஆவணி மாதத்துக்காகவே எடுக்கிறார்கள். நல்லூர்க் கொடியேற்றம் நெருங்க, கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வரும், லண்டனிலிருந்து மாமி வருவா. கட்டுநாயக்காவுக்குப் போய் ஏற்றிவர வேண்டும். பிறகு கீரிமலை, நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான், திருக்கேதீஸ்வரம், மடு என்று ஓட்டம் தொடரும். இத்தனை பேரும் இத்தனை பெட்டியும் காரில் அடங்காது. அந்த மூன்று நாலு கிழமைக்கு வான்தான் வீட்டின் ராசா. வந்தவர்கள் விமானம் ஏறிய பிறகு அது வேப்பமரத்தடியில், தறப்பாளுக்குக் கீழே போய்விடும். அடுத்த கொடியேற்றம் வரை அதைத் தேடுவாரில்லை. பழைய டீசல் வானில் காசு கரைவது ஓட்டத்தில் அல்ல, இந்த நிற்பில்தான்.

கொழும்புத்துறையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். யாழ் நகரிலிருந்து கிழக்கே வரும் வீதி இறங்குதுறையில் முடிகிறது; அதற்கு அப்பால் பரவைக்கடல், எதிரே பூநகரிக் கரை. சோளகம் வீசும் மாதங்களில் உவர்க்காற்று வளவுக்குள் வந்து போகிறது. மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ற் அடித்திருந்தாலும் கறள் கீழிருந்துதான் ஏறும்: சேஸி, பிரேக் குழாய், கதவின் அடி விளிம்பு, சைலன்சர். தினமும் ஓடும் வானில் உரிமையாளருக்குத் தெரியாவிட்டாலும் சேர்விஸ்காரர் கண்டு சொல்லிவிடுவார். நிற்கிற வானில் அதைச் சொல்ல ஆளில்லை.

அதற்குமேல் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதே றேடியேற்றரிலும் படிகிறது. கூலன்ற் வாங்கச் சோம்பல்பட்டு வாளித் தண்ணீரை ஊற்றி வந்த வான், ஊருக்குள் நல்லூருக்கும் பெரியகடைக்கும் ஓடும்வரை குணமாகத்தான் இருக்கும். ஏ9 வீதியில், வெயில் நேரத்தில், பத்துப் பேரோடு போகும்போதுதான் சூடு ஏறும். சிலிண்டர் ஹெட் வெடித்தால் அந்த வருடத்து ஆவணிச் செலவு முழுவதும் கராஜில்தான். இத்தனைக்கும் ஒழுங்கான கூலன்ற் ஒரு பெரிய செலவே இல்லை.

இங்கே குடும்ப வான் என்றால் பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸ். 1989இல் வெளிவந்த தலைமுறையை இலங்கை முழுவதும் டொல்பின் என்றே கூப்பிடுகிறார்கள். எல்.எச். 113 என்ற இலக்கத்தோடு வருவதில் இருப்பது 2,779 சி.சி. 3எல் எஞ்சின். ரேர்போ கிடையாது, கொம்பியூட்டர் கிடையாது. டீசலை அளந்து கொடுப்பது முழுக்க இயந்திரப் பம்ப். 2004இல் வந்த அடுத்த தலைமுறைதான் கே.டி.எச். அதில் பரவலாக உள்ள 2,494 சி.சி. 2கே.டி. எஞ்சின் கொமன் ரெயில் முறையில் ஓடுவது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீச்சுவது. ஓடச் சுகம், இழுவை அதிகம், சத்தம் குறைவு. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும்போது மதிப்பும் கூட.

இந்த வான்களைப் போல ஜப்பானின் பழைய டீசல்கள் வெளிநாடுகளுக்குப் போனதற்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. 1999இல் டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா, டீசல் கரித்தூள் நிறைந்த பிளாஸ்ரிக் போத்தலொன்றைச் செய்தியாளர்களுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். 2003 ஒக்டோபரில் டோக்கியோவும் அயல் மாநிலங்கள் மூன்றும் புகைத்துகள் வரம்பை மீறும் டீசல் பார வாகனங்களையும் பஸ்களையும் வீதியிலிருந்து விலக்கின. அந்த நாடு புகை என்று ஒதுக்கியதை மற்ற நாடுகள் மலிவு என்று வாங்கின. 2002இல், போரில் மூடிக்கிடந்த ஏ9 திறந்தபோது குடாநாட்டு வீதிகளில் பல வருடங்களாக மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் இருந்தன. சேலைன் போத்தலில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய தலைமுறைக்கு டீசல் வான் பெரிய வசதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

டீசல் மலிவு என்ற நம்பிக்கையும் அப்போது சேர்ந்தே வந்தது. 2022 அதை உடைத்தது. அந்த வருடம் பிறந்தபோது ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா; யூன் 26ஆம் திகதி 460 ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்தால் போய்வர 80 லீற்றர். முன்பு 9,680 ரூபாவுக்கு முடிந்த பயணம் 36,800 ரூபா ஆனது. காசிருந்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை தொடங்கியபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதை வைத்துக்கொண்டு அநுராதபுரத்தைத் தாண்டுவதே சந்தேகம். அதே வருடம் நவம்பரில் பெற்றோல் 370 ரூபாவாகவும் டீசல் 430 ரூபாவாகவும் இருந்ததை இன்று வான் வாங்கப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டீசல் 460 ஆனபோது மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்ட் பிற்பகுதியில்தான் அது 340 ஆனது. அதுவரை இருந்த அந்த விலை இடைவெளியில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வரக்கூடியதே. ஆனால் டீசல் பம்ப் தனக்கு வேண்டிய வழுவழுப்பை அது கடத்தும் எண்ணெயிலிருந்தே எடுக்கிறது. மண்ணெண்ணெயில் அது போதாது. டொல்பினின் பம்ப் கொஞ்சம் பொறுக்கும். கே.டி.எச். பம்பும் இன்ஜெக்டரும் பொறுக்காது. இன்னொன்றும் உண்டு: கொழும்புத்துறைக் கடற்றொழிலாளியின் வெளியிணைப்பு எஞ்சின் அந்த மண்ணெண்ணெயை நம்பித்தான் கடலுக்குப் போகிறது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வான்கள் ஏறிய விலையைக் கண்டவர்கள், வான் வாங்குவது காணி வாங்குவதற்குச் சமம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். காணிக்குக் கறள் பிடிக்காது. ரைமிங் பெல்ற்றும் கிடையாது. டொல்பினானாலும் கே.டி.எச். ஆனாலும் அந்தப் பெல்ற்றை ஒரு இலட்சம் கிலோமீற்றரை ஒட்டி மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மீற்றரைப் பின்னால் திருப்பிய வானில் அந்த ஒரு இலட்சம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. பெல்ற் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு.

கே.டி.எச். விடயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இந்தக் கே.டி. குடும்ப எஞ்சின்களில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வொஷர் கசிந்தால் எரிந்த வாயு ஓயிலுக்குள் இறங்கும். ஓயில் கரிக்குழம்பாகி, சம்ப்பின் அடியில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு ரேர்போவும் பெயாரிங்கும் ஓயில் இல்லாமல் போகும். நேரத்துக்கு வொஷர் மாற்றி, நேரத்துக்கு ஓயில் மாற்றினால் இது வராது. ஆனால் வருடத்துக்கு ஒரு மாதம் ஓடுகிற வானுக்கு, கிலோமீற்றர் வரவில்லையே என்று ஓயில் மாற்றாமல் விடுகிறார்கள். நிற்பதால் பற்றரி இறங்கும், தாங்கியில் நீர் கோக்கும், டயர் ஒரே பக்கமாக நசிந்து நிற்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1218 என்றால் 2018ஆம் ஆண்டின் 12ஆவது கிழமையில் செய்தது. பூ தேயாத டயரும் வயதால் வெடிக்கும்.

புகையைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. இங்கே வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு நாளுக்கென்று பம்பைக் குறைத்து, தேறியதும் பழையபடி கூட்டுகிற வேலை, வீட்டுப் பிள்ளைகள் மூச்சில் இழுக்கிற காற்றோடு செய்கிற கள்ளக் கணக்கு. பழைய டீசலில் கறுப்புப் புகை வருவது இயல்பு என்பதும் பொய். இன்ஜெக்டர் சரியாக இருந்து, எயார் பில்டர் சுத்தமாக இருந்தால் டொல்பின் இன்றும் பரிசோதனையில் தேறும்.

ஆகவே பழைய டீசல் வான் கெட்ட பொருளல்ல. கிழமைதோறும் நூறு இருநூறு கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, ஹயருக்குக் கொடுத்து உழைக்கிறவருக்கு, நல்ல மெக்கானிக்கைக் கைக்குள் வைத்திருப்பவருக்கு அது இன்றும் இலாபம். அப்படிப்பட்டவர் மதிப்புக்காகக் கே.டி.எச். தேடாமல், பராமரித்த டொல்பினை எடுப்பது புத்தி. ஆவணிக்கு மட்டும் வான் வேண்டுமென்ற வீடு ஹயர் பிடிக்கட்டும். கட்டுநாயக்காப் பயணத்துக்கும் கோயில் ஓட்டத்துக்கும் ஹயர்காரருக்குக் கொடுக்கும் காசு, சொந்த வானின் காப்புறுதி, அனுமதிப்பத்திரம், பற்றரி, டயர், கறள் வேலை எல்லாவற்றையும் கூட்டியதைவிடக் குறைவாகவே வரும். அந்தக் காசு அயலிலுள்ள ஒரு குடும்பத்துக்கும் போகும். அண்ணன் தம்பி இரண்டு வீடு சேர்ந்து ஒரு வான் வைத்திருப்பதும் நல்ல யோசனைதான். ஓயில் மாற்றுவது யார் பொறுப்பு என்று முதலே பேசிக்கொண்டால்.

எப்படியும் வாங்குவதென்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு சொல். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே போங்கள். முன் சீற்றைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் ஏற்கெனவே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி எழும்பி விடுங்கள்.