நடுவரும் ஆட்ட நாள்களும்

கால்பந்தாட்டம் முடிந்தபின் மக்கள் வென்றோரைப் புகழ்வர்; தோற்றோர்க்கு இரங்குவர். ஊதலை ஏந்தி இருசாரார்க்கும் பொதுவாய் நின்ற நடுவரை நினைப்பார் மிகச் சிலரே. முற்காலத்தில் ஒவ்வொரு கழகமும் தன் சார்பில் ஒருவரைக் களத்தில் நிறுத்தும். அவ்விருவரும் உடன்படாதபோது வெளியே நின்ற நடுவரை வினவுவர். 1891 ஆம் ஆண்டில்தான் நடுவர் களத்தினுள் வந்து முழுப்பொறுப்பும் ஏற்றார். ஆட்டப் பருவம் குலையுங்கால் மிகுந்த இடர்ப்படுபவரும் அவரே.

இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே திங்களில் முடியும். 1962 ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அங்குப் பெய்த பனியால் நிலம் கல்லென இறுகிற்று. மார்ச்சுத் தொடக்கம்வரை குளிர் தணியவில்லை. 1963 ஜனவரி 5 இல் தொடங்கிய கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்று மார்ச்சு 11 இல்தான் முடிந்தது. இறுதியாட்டமும் மே 25க்குத் தள்ளிப்போயிற்று. பெருங்கழகங்களின் நிலையே இதுவாயின், பூங்காக்களில் ஆடும் சிறு கழகங்களின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

பத்துக் குழுக்கள் தமக்குள் இருமுறை பொருதினால் ஆட்டங்கள் 90 ஆகும். வாரத்திற்கு ஐந்தாக நடத்த 18 வாரங்கள் வேண்டும். அவற்றுள் ஆறு வாரங்கள் மழையிலும் பனியிலும் கழிந்தால் 30 ஆட்டங்கள் நிலுவையாகும். சிறு களங்கள் பலவற்றில் விளக்கொளி இல்லை. ஆதலின் பகற்பொழுது நீளும் ஏப்ரல், மே திங்கள்களில் வேலைநாள் மாலைகளில் அவற்றைத் திணிப்பர். அட்டவணையில் இடம் கிடைத்துவிடும், நடுவர் கிடைப்பாரோ?

ஊர்ப்புற நடுவர் பகலில் வேறு தொழில் செய்பவர். ஆட்டத்துக்கு இவ்வளவு எனச் சிறு தொகை பெறுபவர். அந்நாட்டில் 14 வயது நிரம்பிய மாணவரும் பயிற்சி பெற்று நடுவராகலாம். ஆட்டம் நின்றால் அவர்தம் வருவாய் நிற்கும், பயிற்சியும் தேயும். பின்னர் ஒரே வாரத்தில் பல ஆட்டங்களுக்கு அழைப்பு வரும். களைத்தவர் ஒதுங்கினால், கழகத்தாருள் ஒருவரே ஊதலை ஏற்பார். 1891க்கு முந்திய பூசல் மீண்டும் களம் புகும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. களம் ஆடத்தக்கதா என்று பார்த்துச் சொல்வது நடுவர் கடமை. நிலுவை மிகுந்த காலத்தில், இன்றேனும் ஆடி முடிப்போம் என்று இரு கழகங்களும் அவரை நெருக்கும். அவர் இணங்கினால் இறுகிய நிலத்தில் வீழ்ந்து எலும்பு முறிவோர் இளைஞரே அன்றோ?

2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மார்ச்சு 26 அன்று கீழ்நிலைப் போட்டிகள் பலவற்றின் முடிவுகளை நீக்கிவிட்டது. முன்னணியில் நின்ற கழகங்கள் வருந்தின. எப்படியேனும் ஆடியே தீர்வது ஒரு கோடி. ஆடியதை அழிப்பது மறு கோடி. இவற்றின் இடைப்பட்ட நல்வழி முன்னரே ஆயத்தமாதல். அட்டவணையில் சில வாரங்களை வெறுமையாய் விடுக. நாள் குறிக்குமுன் நடுவரைக் கேட்க. பருவம் முற்றுப்பெறாவிடில் வெற்றியை எவ்வாறு கணிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க.

நடுவர் என்ற பெயர் நடுவுநிலையைக் குறிப்பது. களைப்பும் நெருக்கடியும் சூழ்ந்தவிடத்து நடுவுநிலை பிழைத்தல் அரிது. அதனைக் காத்தல் நடுவரின் கடன் மட்டுமன்று. நாள் குறிப்போரின் கடனுமாகும்.