எங்க ஊர்ல தார்னா வாழைத்தார்

மெட்ராஸ், கோயமுத்தூர்ல இருந்து வர்ற வண்டிப் பிரியர்கள்கிட்டப் பேசுனா ரெண்டே கட்சிதான். ஒரு கட்சி, "பழைய ஜீப்பு மாதிரி வருமாண்ணே? அது இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "புதுத் தார்ல ஒரு தடவை ஏறிப் பாருங்கண்ணே, கார் மாதிரி மெத்துன்னு போகுது" என்று சொல்லும். ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துட்டுத்தான் சண்டை போடுறாங்க. ஜீப்பு என்பது வேலை செய்யிற வண்டி. அது என்ன சுமக்குது, எந்தத் தடத்துல ஏறுது, கெட்டுப்போனா யார் சரி பண்றது, இதை வச்சுத்தான் அதுக்கு மார்க் போடணும். எங்க தேனிப் பக்கம் தார்னா இன்னைக்கும் வாழைத்தார்தான். பத்து வாழைத்தாரை ஒழுங்கா ஏத்த இடமில்லாத வண்டிக்குத் தார்னு பேரு வச்சா எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

நான் வண்டி பிடிக்காத ஆள் இல்லை. என்கிட்ட இருக்கிறது ரெண்டாங்கையா வாங்குன எம்எம் 540. ஞாயித்துக்கிழமை அதுக்குக் கிரீஸ் அடிக்கிறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அதனால பழைய வண்டிக் கட்சி என்னையும் தங்கள் ஆள்னு நினைச்சுக்கிடும். அவங்களுக்குத்தான் முதல்ல பதில்.

பழசு இரும்பு, மோதுனா ஒண்ணும் ஆகாது என்பது சுத்தப் பொய். வண்டிக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம், உள்ள இருக்கிற மனுசனுக்கு ஆகும். 2009ல அமெரிக்காவுல வாகனக் காப்பீட்டுக்காரங்க நடத்துற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சோதனை பண்ணிக் காட்டுச்சு. 1959ஆம் வருஷத்துச் செவர்லே பெல் ஏர் ஒண்ணு, 2009ஆம் வருஷத்துச் செவர்லே மாலிபு ஒண்ணு. ரெண்டையும் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர் வேகத்துல நேருக்கு நேர் மோத விட்டாங்க. பழைய வண்டி பார்க்க டாங்கி மாதிரி இருக்கும். அதுல உண்மையான ஆள் இருந்திருந்தா செத்திருப்பார். புது வண்டியில இருந்தவருக்குக் கால்ல சின்னக் காயத்தோட போயிருக்கும். புது வண்டியோட முன்பக்கம் நசுங்குதுன்னா அது பலவீனம் இல்லை. மோதுற வேகத்தை அது வாங்கிக்கிட்டு, உள்ள இருக்கிறவனைக் காப்பாத்துது.

என் ஜீப்புல சீட் பெல்ட் கிடையாது, ஏர்பேக் கிடையாது. பின்னாடி ரெண்டு பக்கமும் பெஞ்சு. உட்காருறவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வரணும். உங்களுக்கு அது ஒரு நாள் ஜாலி. கம்பம், போடிப் பக்கத்துல இருந்து கேரளா ஏலத்தோட்டங்களுக்குப் போற பொம்பளையாளுகளுக்கு அது தினசரிப் பிழைப்பு. விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட ஏறி, கொண்டை ஊசி வளைவுகள்ல ஆடிக்கிட்டே மலை ஏறி, சாயங்காலம் அதே மாதிரி இறங்கணும். பத்துப் பேர் போற வண்டியில பதினஞ்சு பேர். பிரேக் விட்டா பிடிச்சுக்க ஒண்ணுமே கிடையாது. இந்த வண்டியைத்தான் நீங்க "கிளாசிக்" என்கிறீங்க. ஏறுற அந்த அக்காகிட்டக் கேட்டுப் பாருங்க கிளாசிக்கா என்று.

இப்ப ரெண்டாவது கட்சிக்கு வர்றேன்.

2020ல வந்த புதுத் தாருக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில நாலு நட்சத்திரம் கிடைச்சது. நல்லது, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா அந்தப் பாதுகாப்பு யாருக்கு? மூணு கதவு வண்டியில நாலு பேர் உட்காரலாம். பின்னாடி ஏறணும்னா முன் சீட்டை மடக்கி உடம்பைச் சுருட்டி ஏறணும். கூரையில ஸ்பீக்கர் இருக்கு, மூட்டை வைக்க இடம் இல்லை. 2023 ஜனவரியில 9.99 லட்சம் ஷோரூம் விலையில் ஒரு தார் விட்டாங்க. அதுல முன் சக்கரம் இழுக்காது, பின் சக்கரம் மட்டும்தான். ஃபோர் வீல் இல்லாத ஜீப்பு! ஏர் பூட்டாத மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிச்ச கதை. ஈசிஆர் ரோட்டுல காபி குடிக்கப் போறவருக்கு அது போதும். மழை பெஞ்ச மறுநாள் செம்மண் தடத்துல ஏறுறவனுக்குப் போதாது.

இந்த வண்டி யாருக்காகப் பிறந்தது என்று யோசிச்சுப் பாருங்க. சண்டைக்காகச் செஞ்ச வில்லிஸ் ஜீப்பை, 1945ல சண்டை முடியுற நேரத்துல பொதுஜனத்துக்குச் சிஜே 2ஏ என்ற பேர்ல விட்டாங்க. அப்ப அவங்க முதல்ல தேடிப் போனது விவசாயியைத்தான். கலப்பை இழுக்கலாம், எஞ்சின் சக்தியைப் பின்னாடி எடுத்து ரம்பம் ஓட்டலாம், சாமான் ஏத்திக்கிட்டுச் சந்தைக்கும் போகலாம் என்று விளம்பரம் பண்ணுனாங்க. அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947ல இருந்து மஹிந்திரா பம்பாய்ல பூட்டி வித்துச்சு. உழவனுக்கு வித்த வண்டி, சினிமாக்காரர் வீட்டு வாசல்ல நிக்கிற வண்டி ஆயிருச்சு.

இது ஜீப்புக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவுல மசில் கார் என்று கொண்டாடுறாங்களே, அது என்ன? 1964ல பாண்டியாக் கம்பெனி நடுத்தர அளவு கார்ல 389 கன அங்குலப் பெரிய எஞ்சினை வச்சு ஜிடிஓ விட்டுச்சு. அதே வருஷம் ஃபோர்டு மஸ்டாங் வந்துச்சு, ஆரம்ப விலை 2368 டாலர். சம்பளக்கார இளவட்டம் வாங்குற விலை. ஒரே வருஷத்துல நாலு லட்சத்துக்கு மேல வித்துச்சு. வீட்டு வாசல்லயே பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைக் கழட்டி மாட்டுனாங்க. இன்னைக்கு அந்தக் காலத்து அபூர்வ வண்டிக ஏலத்துல லட்சக்கணக்கான டாலருக்குப் போகுது, பணக்காரர் கொட்டகையில போர்வை போத்தி நிக்குது. மஸ்டாங் என்ற பேரை பேட்டரியில ஓடுற எஸ்யூவிக்கும் வச்சாச்சு. சாதாரண ஆளுக்குச் செஞ்ச வண்டியில பேரு மட்டும் மிஞ்சுது, அந்த ஆள் வெளியே நிக்கிறான்.

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. 2018ல மஹிந்திரா அமெரிக்காவுல ராக்ஸர் என்று ஒரு வண்டி விட்டுச்சு. பழைய ஜீப்பு உருவம், இரும்பு பாடி, ரெண்டரை லிட்டர் டீசல் எஞ்சின், கையால போடுற கியர், ஃபோர் வீல். ரோட்டுக்கான வண்டியா இல்லாம, பண்ணையிலயும் காட்டுலயும் ஓடுற வண்டியா அங்க வித்தாங்க. ஜீப் கம்பெனிக்காரன் எங்க முகத்தைத் திருடிட்டான்னு வழக்குப் போட்டான். முகத்தை மாத்தி மறுபடி வித்தாங்க. மிச்சிகன்ல இருக்கிற விவசாயிக்கு எங்களுக்கு வேண்டிய வண்டி போச்சு. எங்களுக்கு வந்தது டச் ஸ்கிரீன்.

"பொலேரோ பிக்கப் இருக்கேண்ணே?" என்று கேப்பீங்க. இருக்கு. சமவெளியில அதுதான் எங்களுக்குக் கை கால். ஆனா தோட்டத்துத் தடத்துல, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற வளைவுல, குட்டை ஜீப்பு ஒரே மூச்சுல திரும்பும். நீள வண்டி மூணு தடவை முன்னப் பின்ன போகணும். பள்ளத்துப் பக்கம் பின்ன போறது எப்படி இருக்கும்னு ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

அடுத்தது ரிப்பேர். புகைக்கட்டுப்பாடு வந்த பிறகு கம்ப்யூட்டர் இல்லாம வண்டி செய்ய முடியாது. 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ் 6 கட்டாயம். அதை நான் எதிர்க்கலை. என் ஜீப்பு விடுற கரும்புகையை முதல்ல குடிக்கிறது நான்தான். கம்ப்யூட்டர் இருக்கட்டும், அதைத் திறக்கிற சாவி கம்பெனிக்கிட்ட மட்டும் ஏன் இருக்கணும்? எங்க பங்காளி ஒருத்தர் புது வண்டி வாங்குனார். கம்பெனி பேரு வேண்டாம். தோட்டத்துல மஞ்சள் விளக்கு எரிஞ்சு, வேகம் எடுக்காம நின்னு போச்சு. எங்க ஊரு மெக்கானிக் முப்பது வருஷம் எஞ்சினைக் கழட்டிப் பூட்டுனவர். கையைக் கட்டிக்கிட்டு நின்னார். லாரியில ஏத்தி டவுனுக்குக் கொண்டு போனா, சென்சார் வயர்ல மண்ணு. கழுவி மாட்டுனா தீர்ந்துச்சு. போக வர வாடகை, மூணு நாள் கூலி, பறிச்ச காய் வாடுனது, இதெல்லாம் பங்காளி கணக்குல.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜனங்க 2012லயே ஓட்டுப் போட்டு, வண்டியோட ரிப்பேர் தகவலை வெளிப் பட்டறைக்கும் கொடுக்கணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம நாட்டுல 2022ல நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு போட்டுச்சு, இணையத்துல ஒரு தளமும் திறந்துச்சு. விவசாயக் கருவி, வண்டி ரெண்டும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பட்டியல்ல இருந்து பட்டறைக்கு அது எப்ப வரும்?

அரசாங்கத்தோட பார்வையும் உங்க பார்வை மாதிரியேதான். 50 வருஷம் ஆன வண்டியைத் தினசரி ஓட்டாம அழகா வச்சிருந்தா, 2021ல கொண்டு வந்த விதிப்படி விண்டேஜ் என்று தனி நம்பர் பிளேட்டே கிடைக்கும். வேலை செஞ்சுக்கிட்டே பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டின்னா எஃப்சி, பசுமை வரி, ஏறிப்போன கட்டணம். சும்மா நின்னா மரியாதை, உழைச்சாக் காயலான் கடை.

உங்ககிட்ட இதையெல்லாம் ஏன் சொல்றேன்? எங்க குரல் கம்பெனிக்குக் கேக்காது. நாங்க ரெண்டாங்கை வாங்குறவங்க. ஷோரூமுக்குப் போறது நீங்க, அவங்க விழுந்து விழுந்து கவனிக்கிறது உங்களைத்தான். அடுத்த தடவை போறப்ப கூரை ஸ்பீக்கரைப் பத்திக் கேக்கிறதுக்குப் பதிலா இதைக் கேளுங்க: நாலு சக்கரமும் இழுக்கிற, முன்னப் பார்த்த சீட்டும் பெல்ட்டும் எல்லாருக்கும் இருக்கிற, டச் ஸ்கிரீன் இல்லாத, ஊர்ப் பட்டறையில திறக்கிற ஒரு குட்டை ஜீப்பை ஏன் செய்ய மாட்டீங்க? செய்யத் தெரியாமலா இருக்கு, மிச்சிகனுக்குச் செஞ்சாங்களே. அது வர்ற வரைக்கும் பழசா புதுசா என்ற உங்க சண்டையில எந்தக் கட்சிக்கும் என் ஓட்டு கிடையாது.