ஸ்ரீரங்கத்தில் வீடு, துவாக்குடியில் வேலை

என் தங்கை என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. காரணம் ஒரு ஃபிளாட். நான் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. வாங்காதே என்று சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் மகன் ஒன்பது வருடம் புனேயில் இருந்தவன். இப்போது துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மனைவி, ஏழு வயதுப் பையனோடு திருச்சிக்கு வருகிறான். வேலையில் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீடு பார்த்து, அன்று சாயங்காலமே அட்வான்ஸ் பேச்சு வரைக்கும் போய்விட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடி. கடன் மட்டும் எழுபது லட்சம், இருபது வருடத் தவணை.

"ரங்கநாதர் காலடியில வீடு அமையறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும் அண்ணே" என்றாள் தங்கை.

"கொடுத்து வச்சது போதும்மா. இனிமே மாசாமாசம் அறுபதாயிரம் கொடுக்கப் போறது யாரு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

அவள் கேட்காததை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இது ஒரு குடும்பத்தின் விஷயம் இல்லை. பெல்லுக்கும், ஆர்.இ.சி.க்கும் (இப்போது என்.ஐ.டி. என்று சொல்ல வேண்டும், எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது), துப்பாக்கித் தொழிற்சாலைக்கும், சிட்கோ பட்டறைகளுக்கும் வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களிடம் நாம் பெரியவர்கள் ஐம்பது வருடமாக இதே உபதேசத்தைத்தான் செய்து வருகிறோம். "துவாக்குடி பக்கம் வேண்டாம்பா, அது வெறும் கம்பெனி ஊரு. டவுன் பக்கம் வாங்கு, ஸ்ரீரங்கத்துல வாங்கு, தில்லை நகர்ல வாங்கு. நாளைக்கு விலை ஏறும்." இந்த உபதேசம் தவறு என்பது என் கட்சி.

பையன் சொன்ன கணக்கைப் பாருங்கள். "மாமா, கார்ல முப்பத்தஞ்சு நிமிஷம்தான். நானே ஓட்டிப் பார்த்தேன்." என்றைக்கு ஓட்டினாய் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்காம்.

வேலை நாளில் திருவானைக்காவல் தாண்டி, பைபாஸ் பாலம் ஏறி, சஞ்சீவி நகர் சந்திப்பில் நின்று, பால்பண்ணையில் நின்று, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வர வேண்டும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை பதினாலரை கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு சர்வீஸ் சாலை கேட்டு நம் மக்கள் எத்தனை வருடம் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நாலு வழிச்சாலை வந்தது, பக்கச் சாலை வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளும் தஞ்சாவூர் போகும் பஸ்ஸும் கம்பி ஏற்றிய லாரியும் ஒரே தடத்தில். அந்த ரோட்டில் தினம் இரண்டு தடவை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. போக ஒரு மணி, வர ஒரு மணி. வருடம் 280 வேலை நாள் என்றால் 560 மணி நேரம். இருபத்துமூன்று நாள், இரவும் பகலுமாக. இருபத்தைந்து வருட சர்வீஸில் ஒன்றரை வருடத்துக்கு மேல் ரோட்டில் போய்விடும். சம்பளமில்லா விடுப்பில் இருந்தால்கூட வீட்டில் தூங்கியாவது இருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு எழுதவில்லை. 1979-ல் மாற்றலாகி இந்தப் பக்கத்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு வந்தபோது நானும் ஸ்ரீரங்கத்தில்தான் குடியேறினேன். உத்தர வீதியில் வாடகைக்கு ஒரு போர்ஷன். என் மனைவிக்கு அந்த இடம் சொர்க்கம். காலையில் கோயில் மணி, வாசலிலேயே பூ, அம்மா மண்டபத்தில் குளியல். எனக்கு ஒன்றாம் நம்பர் பஸ், பிறகு துவாக்குடி பஸ், பிறகு நடை. நான் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு தீபாவளி லீவில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தேன். மூன்றாவது நாள் அவள் அம்மாவிடம், "இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாள். மனைவி சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த வாரமே துவாக்குடியில் மனை விசாரிக்க ஆரம்பித்தேன்.

1984-ல் ஐந்தரை சென்ட் வாங்கினேன், அரசு கொடுத்த வீடு கட்டும் முன்பணத்தில். அப்போது சுற்றிலும் கருவேலம். பார்க்க வந்த என் மைத்துனர், "மச்சான், ராத்திரி நரி வருமா?" என்றார். நரி வரவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்கு நான் வீட்டுக்கு வந்தேன். மகளின் வாய்ப்பாடு, அவள் விட்ட முதல் சைக்கிள், அவள் விழுந்து நெற்றியில் போட்ட இரண்டு தையல், எல்லாவற்றுக்கும் நான் சாட்சி.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் பிறந்த காரைக்காலில் இதன் முடிவை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் சைகோன் காசில் கட்டிய வீடுகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அந்தப் பக்கம் உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் கட்டியவை. தேக்குத் தூண், பளிங்குத் தரை, வாசலில் பெயர். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனவர்களும் அப்படியே வாங்கிப் போட்டார்கள். உள்ளே ஒரு கிழவி விளக்கேற்றுவாள். கிழவி போனதும் பூட்டு. ஊர் பார்ப்பதற்கு வாங்கிய வீட்டில் ஊர்தான் இருந்தது, வாங்கியவர் இல்லை. பிரெஞ்சில் குடியிருப்பதற்கு 'அபித்தே' என்று சொல்வார்கள், பழக்கத்துக்கு 'அபித்யூத்'. இரண்டுக்கும் வேர் ஒன்று என்று எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். தினம் புழங்காத இடத்தில் குடியிருக்கிறேன் என்று அந்த மொழியில் சொல்வதே கஷ்டம்.

சரி, ஸ்ரீரங்கத்துக்கு வருகிறேன். அந்த ஃபிளாட்டுக்கு முன்னால் தரகர் ஒரு தனி வீடு காட்டினாராம், கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள்ளே. விலை பாதி. "லோன் மட்டும் வேணாம் சார், கைக்காசா கொடுங்க. பவர் எழுதிக்கலாம். அடிமனைப் பிரச்சனை எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாராம். புனேயிலிருந்து வந்த பிள்ளைக்கு அடிமனை என்றால் என்னவென்று தெரியவில்லை. நமக்குத் தெரியும். முந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கோயிலுடையது என்று கோயில் தரப்பு சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பத்திரம் வைத்து வரி கட்டி வாழ்கிறோம் என்று குடியிருப்பவர்கள் சொல்கிறார்கள். பத்திரப்பதிவு நின்று, மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் ஆளில்லை. மாதச் சம்பளக்காரன் காசு கொடுத்து ஒரு வழக்கை வாங்கக் கூடாது, அதை மட்டும் சொல்வேன். காரைக்காலில் அந்தக் காலத்தில் நொத்தேர் என்று ஒருவர் இருப்பார். விற்பவரையும் வாங்குபவரையும் எதிரில் உட்கார வைத்துப் பத்திரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். இங்கே தரகரின் வாய்தான் நொத்தேர்.

பையன் பார்த்த ஃபிளாட்டில் அந்த வில்லங்கம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தூரம் ஒன்றுதான் அதன் குறை. அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்கு மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதம் ஊர் வண்டிகள் பைபாஸ் பாலத்துக்கு வந்தன. பாலத்தை நம்பி வேலைக்குப் போகிறவன் பாலத்தின் உடம்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். தில்லை நகரை விரும்புகிறவர்களுக்கு 1977 நவம்பரை ஞாபகப்படுத்தினால் போதும்.

என் கட்சியில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. பெல் நிறுவனத்துக்கு ஆர்டர் குறைந்த வருடங்களில் துவாக்குடிப் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கியதை இதே தெருவில் உட்கார்ந்து பார்த்தேன். வெல்டர், ஃபிட்டர் எல்லாம் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் 'வாடகைக்கு' போர்டு. வேலையை நம்பி வீடு வாங்கினால் வேலை போனதும் வீடும் பாரமாகும் என்று தங்கை சொல்வது பொய்யில்லை. அதனால்தான் நான் அவனை உடனே துவாக்குடியில் வாங்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் இந்தப் பக்கம் வாடகைக்கு இரு என்கிறேன். கம்பெனி அவனுக்குப் பிடிக்கிறதா, அவனைக் கம்பெனிக்குப் பிடிக்கிறதா, தெரியட்டும். ஐப்பசி மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, சித்திரையில் எந்த போரில் தண்ணீர் இல்லை (இது பாறை பூமி, ஸ்ரீரங்கத்து மணல் ஊற்று இங்கே கிடையாது), எந்த மனை ஏரிப் புறம்போக்கை ஒட்டியது, மெயின் ரோடு அகலமானால் எந்த வாசல் போகும், இதெல்லாம் இரண்டு மழைக்காலம் பார்த்தால்தான் புரியும். பிறகு வாங்கும்போது திருவெறும்பூர் ரயில் நிலையத்துக்கும் வேலைக்கும் நடுவில் எங்காவது வாங்கட்டும். இந்த வேலை போனாலும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ரயில் ஏறிப் போய் வரலாம். பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை.

'விலை ஏறும்' என்பதற்கு ஒரு வார்த்தை. வளையச் சாலை வருகிறது என்று எங்கள் பக்கம் மனை விலையை ஏற்றினார்கள். அது ஏரிகள் குறுக்கே வந்த சிக்கலில் பல வருடம் பாதியில் நின்றது. இப்போது பஸ் நிலையம் பஞ்சப்பூருக்குப் போனதும் எல்லாரும் அங்கே ஓடுகிறார்கள். எழுபது லட்சம் கடனைக் கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஃபிளாட் அதற்கு மேல் ஏறினால்தான் லாபம். அப்படி ஏறினாலும் விற்றுவிட்டு எங்கே போய் இருப்பான்?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். என் மனைவி ஸ்ரீரங்கத்தை விட்டு வந்ததை மனசார ஏற்கவே இல்லை. முப்பத்தைந்து வருடம் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின இரவே பஸ் ஏறிப் போய்விடுவாள். கடைசி வருடம் நடு இரவில் மூச்சுத் திணறல் வந்தபோது டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக முக்கால் மணி ஆயிற்று. காரில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "உத்தர வீதியில இருந்திருந்தா இந்நேரம் போயிருப்போம்" என்றாள். அதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, நீங்க அஞ்சே முக்காலுக்கு வந்தீங்க" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று பையன் மட்டும் போன் செய்தான், அம்மாவுக்குத் தெரியாமல். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையாம். "ஞாயிற்றுக்கிழமை வரேன் மாமா, உங்க பக்கம் ரெண்டு வீடு காட்டுங்க" என்றான். திங்கட்கிழமை வா என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஃபிளாட் வாசலிலிருந்து காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பி, கம்பெனி கேட் வரைக்கும் வந்து, பிறகு என் வீட்டுக்குச் சாப்பிட வரட்டும். கத்தரிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.