நாலாவது இடம் காலி



சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தை நிரப்ப ஒரு கேள்வி போட்டிருந்தோம். 2010 முதல் 2019 வரை சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடியவர்களில் உங்கள் பதினொரு பேர் யார் யார்? ஐபிஎல் விதிப்படி வெளிநாட்டவர் நாலு பேருக்கு மேல் கூடாது. அவ்வளவுதான் கேள்வி. வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், பாகப்பிரிவினை வழக்குக்குக்கூட இவ்வளவு வாதம் எழுதியிருக்க மாட்டார்கள். எரவாஞ்சேரியிலிருந்து ஒரே உறைக்குள் அப்பா ஒரு பட்டியல், மகள் ஒரு பட்டியல். மகளுடையதன் கீழே, "அப்பா 2013க்குப் பிறகு மேட்ச் பார்ப்பதில்லை, கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று ஒரு குறிப்பு. வலங்கைமான் வாசகர் ஒருவர் தோனி பெயரைப் பதினொரு முறை எழுதி அனுப்பிவிட்டார். அதையும் ஒரு கட்சியாக ஏற்றுக்கொள்கிறோம்.

சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இப்படியொன்றைக் கேட்டால் வேறென்ன நடக்கும்? சம்பாவும் தாளடியும் அறுத்தாயிற்று. உளுந்தும் பயறும் பிடுங்கி அடித்து மூட்டை கட்டியாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. குறுவைக்கு ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும், அதுவும் மேட்டூர் அணை மனசு வைத்தால். ஆட்டுக்கிடை போட்டிருக்கிற வயலை விட்டுவிட்டு அடுத்த வயலில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிடுகிறார்கள். வரப்பைத் தாண்டினால் நாலு, வைக்கோல்போரில் விழுந்தால் அவுட். ஐபிஎல் அட்டவணை போட்டவர்களுக்குக் காவிரிப் படுகையின் பயிர்க்கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் வருஷத்தில் நமக்குக் கை ஓய்ந்திருக்கும் இரண்டு மாதமாகப் பார்த்து வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் ஆட்சேபம் கேள்வி மேலேயே வந்தது. குடவாசல் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார்: பத்தாண்டு என்றால் 2011இல் தொடங்கி 2020இல் முடிய வேண்டும், பூஜ்யத்திலிருந்து யாராவது எண்ணுவார்களா? கணக்குப்படி சரிதான் சார். ஆனால் அப்படி எடுத்தால் 2010 கோப்பை கையை விட்டுப் போகும். அந்த ஏப்ரல் 3ஆம் தேதி ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் அடித்த 127 போகும். தரம்சாலாவில் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டியிருக்க, இர்ஃபான் பதானை இரண்டு சிக்ஸர் தூக்கிவிட்டு தோனி தன் ஹெல்மெட்டைத் தானே குத்திக்கொண்டாரே, அதுவும் போகும். பதிலுக்கு நமக்குக் கிடைப்பது 2020. சென்னை முதன்முறையாக பிளே ஆஃபுக்குப் போகாமல் ஏழாவது இடத்தில் முடித்த வருஷம். இந்த வியாபாரத்துக்கு நான் வரவில்லை.

2010 என்று கோடு போட்டதில் சிலர் அடிபட்டார்கள் என்பது உண்மை. பாலாஜியின் ஹாட்ரிக் 2008. ஹெய்டன் ஆரஞ்சு தொப்பி வாங்கியது 2009. பிடி நீளமாகவும் பலகை குட்டையாகவும் இருந்த அந்த மங்கூஸ் மட்டையோடு டெல்லியில் ஹெய்டன் அடித்த 93 மட்டும் 2010இல் வருகிறது. அந்த ஒரே ஆட்டத்துக்காக அவரைச் சேர்த்தவர்கள் உண்டு. மட்டையின் மேலிருந்த ஆசை ஆள் மேலும் படிந்துவிட்டது போலிருக்கிறது.

ஐந்து பெயர் அநேகமாக எல்லாப் பட்டியலிலும் இருக்கின்றன: தோனி, ரெய்னா, ஜடேஜா, பிராவோ, அஸ்வின். தோனிக்கு வாதம் வேண்டியதில்லை. ஜடேஜாவுக்கும் அப்படியே. பிராவோ 2013இல் 32 விக்கெட், 2015இல் 26 விக்கெட், இரண்டு வருஷமும் ஊதாத் தொப்பி. கடைசி ஓவர்களில் வேகத்தைக் குறைத்து அவர் போட்ட பந்துகளைப் பார்த்து, நம் பையன்கள் எல்லோரும் ஒரு காலத்தில் மெதுவாகப் பந்து போடவே கிளம்பிவிட்டார்கள். அஸ்வினுக்கு 2011 இறுதிப் போட்டி ஒன்றே போதும். அந்த சீசனில் 608 ரன் அடித்து வந்த கெய்லை முதல் ஓவரிலேயே பூஜ்யத்தில் வெளியே அனுப்பினார். 206 ரன் துரத்த வேண்டிய பெங்களூருவுக்கு ஆட்டம் அந்த ஓவரிலேயே முடிந்துவிட்டது.

ரெய்னாவைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைய வாசகர்களின் கடிதங்களில் அவர் பெயர் ஏதோ மரியாதைக்கு எழுதியதுபோல இருக்கிறது. 2010இல் 520, 2013இல் 548, 2014இல் 523 ரன். 2010 இறுதிப் போட்டியில் மும்பைக்கு எதிராக 35 பந்தில் ஆட்டமிழக்காமல் 57. 2012 இறுதிப் போட்டியில் 38 பந்தில் 73, தோற்றோம். ஆனால் அவரைப் பற்றிப் பேசினால் பேச்சு 2014 மே 30ஆம் தேதியில்தான் போய் நிற்கும். வான்கடேயில் பஞ்சாப் 226 அடித்துவிட்டது. சேவாக் மட்டும் 122. சென்னை இறங்கி முதல் ஆறு ஓவரில் 100. அதில் ரெய்னா 25 பந்தில் 87. அடுத்த பந்திலும் சிக்ஸர் போகும் என்று எல்லோரும் எழுந்து நிற்கும்போது ஜார்ஜ் பெய்லி நேரடியாக எறிந்து ரன் அவுட் ஆக்கினார். மீதி 14 ஓவர் இருந்தும் 24 ரன்னில் தோற்றோம். வென்ற ஆட்டங்களில் அடித்ததை மட்டும் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த 87க்கு மதிப்பே இல்லை. பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய ஒரு வாசகர் எழுதுகிறார்: அங்கே பேஸ்பால் அணிகளுக்கும் பத்தாண்டு முடிந்தால் இதே சண்டைதானாம். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தையும் கட்டம் போட்டு எண்ணால் எழுதிவைக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர், கிரிக்கெட் பற்றியும் எழுதியவர். நம் ஸ்கோர்கார்டு வழக்கம்தான் அவர் மூலம் அங்கே கப்பலேறியது. அவ்வளவு காலமாக, அவ்வளவு நுணுக்கமாக எண்ணியும் அங்கே ஒரு சண்டைகூடத் தீர்ந்தபாடில்லை என்று கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது தொடக்க ஆட்டக்காரர்கள். அதிகக் கடிதங்கள் ஷேன் வாட்சனுக்கு. காரணம் தெரிந்ததே. 2018 இறுதிப் போட்டியில் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்றுவிட்டு, முடிக்கும்போது 57 பந்தில் 117. அடுத்த வருஷம் ஹைதராபாதில் முழங்காலில் ரத்தம் வழிய 80. கடைசிப் பந்தில் மலிங்கா ஷர்துல் தாக்கூரை எல்பிடபிள்யூ ஆக்க, ஒரு ரன்னில் தோற்றோம். அந்த ஆட்டத்தில் தோனி ரன் அவுட்டா இல்லையா என்று ஐந்து கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்வதாக இல்லை.

வாட்சனை நான் எடுக்கவில்லை. இந்தப் பத்தாண்டில் அவர் மஞ்சள் சட்டை போட்டது இரண்டே சீசன். விஜயும் ஹஸ்ஸியும் 2011 மே 28ஆம் தேதி சேப்பாக்கத்தில், இறுதிப் போட்டியில், முதல் விக்கெட்டுக்கு 159 சேர்த்தவர்கள். விஜய் 95, ஹஸ்ஸி 63. அடுத்த வருஷம் டெல்லிக்கு எதிரான தகுதிச்சுற்றில் விஜய் 113. ஹஸ்ஸி 2013இல் 733 ரன். இவர்களைப் பிரித்து ஒருவரை வெளியே வைக்க எனக்குத் துணிச்சலில்லை.

கடிதங்களில் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். 2016, 2017 பற்றி எல்லோரும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு விதித்த தடையால் சென்னை அணியே இல்லாமல் போன இரண்டு வருஷம். தோனி புனே போனார், ரெய்னா குஜராத் போனார். நம் ஊரில் அந்த இரண்டு வருஷத்துக்கு வேறு ஞாபகமும் இருக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சம்பா கண்முன்னே கருகியது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவில்லை என்றாலும் அதற்கு நடுவில் மிக மோசமானது அந்தக் காலம்தான். கொரடாச்சேரி வாசகி ஒருவர் எழுதுகிறார்: "அந்த வருஷம் எங்கள் வீட்டில் டிவி இருந்தது, கேபிளுக்குப் பணம் இல்லை. சென்னை ஆடாததும் நல்லதாகப் போயிற்று."

தடை முடிந்து 2018இல் திரும்பி வந்தார்கள். அது அப்படியே காவிரிக்குள் வந்து விழுந்தது. அந்த பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்து, ஆறு வாரத்தில் செயல்திட்டம் வகுக்கச் சொன்னது. ஆறு வாரம் போனது, ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் 10ஆம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஆட்டம். அண்ணா சாலையில் போராட்டம், மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. கொல்கத்தா அடித்த 202ஐ பில்லிங்ஸ் 23 பந்தில் 56 அடித்துத் துரத்த, ஜடேஜா சிக்ஸரோடு முடித்தார். மீதி உள்ளூர் ஆட்டங்கள் அத்தனையும் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தனி ரயிலே போயிற்று.

அப்போது நம் பக்கத்து இளைஞர்கள் இருந்த நிலையைச் சென்னைப் பத்திரிகைகள் சரியாக எழுதவில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒன்று ரசிகன், இல்லையென்றால் போராளி என்று இரண்டு கட்சியாகவே எழுதினார்கள். காலையில் மறியலுக்குப் போய்விட்டு, மண்டபத்தில் அடைத்து மாலையில் விட்ட பிறகு வந்து ஸ்கோர் கேட்டவர்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். தண்ணீரும் வேண்டும், தோனியும் வேண்டும். அதில் அவர்களுக்குக் குழப்பம் ஒன்றுமில்லை. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஜூன் மாதத் தொடக்கத்தில் அரசிதழில் வந்தது. கோப்பை அதற்கு ஐந்தாறு நாள் முன்பே வந்துவிட்டது.

கோப்பையை வென்ற அந்தப் பதினொரு பேரை இப்போது பட்டியல் போடும்போதுதான் உறுத்தியது. வாட்சன், டு பிளெஸ்ஸி, ரெய்னா, ராயுடு, தோனி, பிராவோ, ஜடேஜா, சாஹர், கரண் சர்மா, தாக்கூர், இங்கிடி. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. 2011 இறுதிப் போட்டியில் விஜய், பத்ரிநாத், அஸ்வின் என்று மூன்று பேர். ஏழு வருஷத்தில் மூன்று பூஜ்யமாகிவிட்டது. தினேஷ் கார்த்திக் ஐபிஎல்லில் எத்தனையோ நிறம் போட்டிருக்கிறார், மஞ்சள் மட்டும் கிடையாது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனைப் பஞ்சாபும் ஹைதராபாதும் எடுத்தன, சென்னை எடுக்கவில்லை. ராஞ்சிக்காரரையும் காஜியாபாத்காரரையும் நம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட ஊர் இது. அதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் வாடகைக்கு வந்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்காக வீட்டுப் பையனுக்குத் திண்ணைகூட இல்லாமல் போக வேண்டுமா?

அதனால்தான் என் பதினொன்றில் பத்ரிநாத் இருக்கிறார். இரக்கத்துக்காக இல்லை. 2010 அரையிறுதியில் சென்னை அடித்ததே 142. அதில் 37 அவருடையது. பிறகு போலிஞ்சர் 13 ரன்னுக்கு நாலு விக்கெட் எடுத்ததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், அந்த 37ஐ மறந்துவிட்டார்கள். 2011இல் 396 ரன், ஐந்து அரைசதம். மேலே இருப்பவர்கள் நன்றாக ஆடிவிட்டால் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். விக்கெட் சரிந்தால் இறங்கி ஒட்டுப்போடுவார். இப்படிப்பட்டவர்களுக்கு விசில் வராது. ராயுடு 2018இல் 602 ரன் அடித்தாரே என்பீர்கள். அடித்தார். அவர் எந்த இடத்தில் இறங்கினாலும் சரிக்கட்ட ஆள் இருந்த அணி அது.

ஆக என் அணி: விஜய், ஹஸ்ஸி, ரெய்னா, டு பிளெஸ்ஸி, பத்ரிநாத், தோனி, ஜடேஜா, பிராவோ, அஸ்வின், மோஹித் சர்மா, தீபக் சாஹர். மோஹித் 2014இல் ஊதாத் தொப்பி வாங்கியவர். சாஹர் முதல் ஆறு ஓவருக்கு. எண்ணிப் பாருங்கள், வெளிநாட்டவர் மூன்று பேர்தான். நாலாவது இடத்துக்கு வாட்சன் இருக்கிறார், 2019இல் 26 விக்கெட் எடுத்துவிட்டு மைதானம் முழுக்க ஓடிய தாஹிர் இருக்கிறார், கோலி போட்ட ஒரே ஓவரில் 28 ரன் அடித்த ஆல்பி மார்க்கல் இருக்கிறார். தெரிந்தேதான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நாலு பேருக்கு மேல் கூடாது என்றுதான் விதி. நாலு பேர் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை.

அடுத்த இதழுக்கு வேறொன்று. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் வந்தபோதே எட்டு அணி. தஞ்சாவூர், திருவாரூர், நாகை என்று பெயர் வைத்த அணி ஒன்றுகூட இல்லை. நமக்குப் பக்கத்தில் என்றால் பிறகு வந்த திருச்சிதான். அதைப் பற்றிப் புலம்புவதைவிட, உங்கள் ஊர் டென்னிஸ் பந்து அணியின் பத்தாண்டுப் பதினொன்றை எழுதி அனுப்புங்கள். யார் எந்த ஊர் சுழற்கோப்பையை எப்படித் தட்டிக்கொண்டு வந்தார், யார் இப்போது துபாயில் இருக்கிறார், யார் இன்னமும் கோடைக்குக் கோடை வந்து கீப்பிங் நிற்கிறார், எல்லாம் எழுதுங்கள். பெண்கள் ஆடும் ஊர் இருந்தால் அந்த அணிக்கு முதல் பக்கம்.

பத்ரிநாத்தை எடுத்ததற்காக என்னைத் திட்டி எழுதுபவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே நிபந்தனை: யாரைச் சேர்க்கிறீர்களோ, அவருக்குப் பதிலாக யாரை வெளியே அனுப்புகிறீர்கள் என்றும் எழுத வேண்டும். பன்னிரண்டு பெயர் எழுதிவிட்டு இம்பாக்ட் பிளேயர் என்று சமாளிக்கக் கூடாது. அந்த விதி வந்தது 2023இல்.

அன்புடன்,
ஆசிரியர்