செயலியா, ஜமாஅத்தா?

ஜப்பானில் டோக்கியோ மாநகர அரசு, மணத்துணை தேடுவோருக்காக 2024 செப்டம்பரில் மக்களின் வரிப்பணத்தில் ஒரு செயலியைத் தொடங்கியது. துணை தேடும் செயலிக்கு அரசு செலவழிக்கலாமா என்பது ஒரு கேள்வி. அதற்கும் முந்தைய கேள்வி ஒன்றை நாம் கேட்கிறோம்: டேட்டிங் செயலிகள் இருக்கத்தான் வேண்டுமா?

அவை சந்தாவில் வாழும் வணிகம். அங்கே சந்தித்த இருவர் மணமுடித்துச் சென்றுவிட்டால் நிறுவனத்துக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் குறைவு. 2012இல் வந்த டிண்டர், மனித முகத்தை விரலால் தள்ளிவிடும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. விபச்சாரத்தை மட்டுமன்றி, அதை நெருங்குவதையும் அல்லாஹ் தடுத்துள்ளான் (17:32). அந்த நெருக்கத்தையே சரக்காக்கும் தொழிலுக்குப் பொதுப்பணத்தில் ஒரு காசும் தரலாகாது. அது இல்லாதிருப்பதே மனிதருக்கு நலம்.

ஆனால் டோக்கியோ அரசு செய்தது வேறு. மணமாகாதவர் என்பதற்குச் சான்று, வருமானச் சான்று, நேர்காணல், மணம் முடிக்கவே சேர்கிறேன் என்ற உறுதிமொழி ஆகியவை இன்றி அதில் இடமில்லை. தேடுபவர் யார், நோக்கம் என்ன என்று இஸ்லாம் 1,400 ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளே அவை.

நம் நிலை என்ன? துணையற்றோருக்கு மணமுடித்து வைக்கும் கட்டளை (24:32) சமூகத்தை நோக்கியது. உமர் (ரலி) அவர்கள், விதவையான தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்காக உஸ்மான் (ரலி), அபூபக்ர் (ரலி) ஆகியோரிடம் தாமே கேட்டார்கள். நாமோ பெண்ணைப் பெற்றவர் வாய் திறப்பதை இழுக்கென்கிறோம். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை செய்துவைத்த நிக்காஹை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள். நாமோ சம்மதம் கேட்பதைச் சடங்காக்கிவிட்டோம். மஹர் கொடுக்க வேண்டியவன் நகையும் ரொக்கமும் கேட்கிறான். அந்த நிக்காஹும் ஜமாஅத் தஃப்தரில் பதிவாகிறது. ஹலாலான வழியை நாமே அடைத்துவிட்டு, பிள்ளைகள் கைப்பேசியில் வழி தேடுகிறார்கள் என்று மிம்பரில் முழங்கிப் பயனென்ன?

ஒவ்வொரு மஹல்லாவும் ஜமாஅத் நிதியில் மணத் தகவல் பதிவேடு ஒன்றைப் பேணட்டும். விவரங்களைச் சரிபார்க்கட்டும். வலீயின் அறிவோடு இருவரும் பார்த்துப் பேச ஏற்பாடு செய்யட்டும். விதவைகளையும் தலாக் ஆன பெண்களையும் முதல் பக்கத்தில் எழுதட்டும். வரதட்சணை கேட்பவருக்குத் தஃப்தரை மூடட்டும். பொதுப்பணம் செல்ல வேண்டிய இடம் அதுவே.

வரி கட்டுவோர் தம் அரசிடம் கணக்குக் கேட்கிறார்கள். சந்தா கட்டும் நாம் நம் ஜமாஅத்திடம் இதைக் கேட்போமாக. அல்லாஹ் நம் இல்லங்களுக்கு பரக்கத் செய்வானாக.