ட்ரம்ப்புக்கு முன்னாடியே இலங்கை

2025 ஜனவரி 20. ரெண்டாந் தடவை ஜனாதிபதியான அன்றைக்கே ட்ரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்து வைச்சார். விசா இல்லாத, இல்லாட்டி தற்காலிக விசாவில் இருக்கிற பெற்றோருக்கு அமெரிக்க மண்ணில் பிறக்கிற பிள்ளைக்கு இனிக் குடியுரிமை இல்லையாம். அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1868இல் அரசியலமைப்பில் சேர்ந்த 14ஆவது திருத்தம் தந்த உரிமை அது. மூணே நாளில் சியாட்டில் நீதிபதி ஒருவர் உத்தரவை நிறுத்தி வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

இங்கே இருந்து சிரிக்கிறது லேசு. ஆனா சுதந்திரம் கிடைச்ச அதே 1948இல் எங்கட நாடு இந்த வேலையைச் செய்து முடிச்சிட்டுது. அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நீ எங்கே பிறந்தாய் என்று பார்க்கல்ல. தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தாங்க என்று கேட்டது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

எங்கட கரையைப் பாருங்க. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தார்கள். அவங்கட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவங்க. அடையாள அட்டையும் இருக்கு. ஆனாலும் வேலை, காணி, கம்பஸ் என்று பேச்சு வந்தா ‘அகதி’ என்ற சொல் இன்னும் சிலர் வாயில் வருது. இதுக்கு ஜனாதிபதி கையெழுத்தும் தேவையில்ல, இதைத் தடுக்க நீதிபதியும் இல்ல.

பிறந்த மண்ணில் உரிமை உண்டு என்று ட்ரம்ப்புக்கு மீம் போடுற நாங்க, ஆலங்குடாவிலும் அதையே சத்தமாச் சொல்லணும்.